இடமிருந்து வலம்

கல்லூரி குரூப் போட்டோவுக்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. மீறியதாகவும் அதிகம் தெரியவில்லை. நடுவில் முதல்வர். அவருக்கு இருபுறமும் பணிமூப்பு வரிசையில் பேராசிரியர்கள். பின்னால் நிற்பவர்கள் மாணவர்கள். அவர்களுக்கும் பின்னால் பெஞ்சின் மேல் ஏறி நிற்பவர்களும் மாணவர்களே, கடைசி நிமிஷத்தில் ஓடிவந்தவர்கள். முன்னால் ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இளையவர்கள். கோப்பை ஏதாவது ஜெயித்த வருஷம் என்றால் அது முதல்வரின் காலடியில் ஒரு முக்காலியின் மேல் இருக்கும். ஒரு கல்லூரியில் அதிகாரம் எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்று தெரிந்துகொள்ள அதன் சட்டதிட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். யாருக்குக் கைவைத்த நாற்காலி, யாருக்குக் கையில்லாத நாற்காலி, யாருக்குத் தரை என்று பார்த்தால் போதும்.

நூலகங்களின் ஆவணப் பிரிவுகளில் இப்படிப்பட்ட படங்களைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. ஆரம்பத்தில் நடுவில் இருப்பவர்களைப் பார்த்தேன். இப்போது கண் முதலில் ஓரத்துக்குப் போகிறது, பிறகு அடியில் இருக்கும் எழுத்துக்கு. படத்தை ஒட்டிய கெட்டி அட்டையின் கீழ் மூலையில் ஸ்டுடியோவின் பெயர் இருக்கும். சென்னைக் கல்லூரி என்றால் ஜி. கே. வேல், அதற்கு முந்தைய தலைமுறையில் வீலே அண்ட் க்ளைன் போன்ற பெயர்கள். அதற்கு மேல், படத்தில் இருப்பவர்களின் பட்டியல்: அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம், நிற்போர், முதல் வரிசை, இடமிருந்து வலம். இனிஷியல் தவறாது. ஆசிரியர் என்றால் பெயருக்குப் பின் பி.ஏ., எல்.டி. கடைசி வரியில் வராதவர்களின் பெயர்கள்.

இந்தக் கடைசி வரியில்தான் என் பார்வை பல தடவை நின்றிருக்கிறது. அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டவருக்கும் ஊருக்குப் போய்விட்டவருக்கும் அட்டையில் இடம் உண்டு. ஆனால் படத்தின் வலது ஓரத்தில், தூணை ஒட்டி, தலைப்பாகையும் தோளில் குறுக்காக டவாலியும் போட்டு வெறுங்காலோடு நிற்கும் பியூனுக்குப் பெயர் இல்லை. அவர் வந்திருக்கிறார், கேமராவைப் பார்த்திருக்கிறார், அசையாமல் நின்றிருக்கிறார். விடுதி நாள் படமென்றால் அவருக்குப் பக்கத்தில் சமையல்காரர்கள், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. அவர்களுக்கும் பெயரில்லை, இருந்தாலும் இனிஷியல் இல்லாத ஒற்றைச் சொல். வராதவருக்குப் பெயர் உண்டு, வந்து நின்றவருக்கு இல்லை என்பது யாரோ ஒருவரின் வன்மத்தால் நடந்ததல்ல. பட்டியலை எழுதிய குமாஸ்தாவின் கையில் இருந்தது மாணவர் பெயர்ப்பட்டியல்; அதில் இருந்தவர்களை எழுதினார். ஆவணம் இன்னொரு ஆவணத்தைப் பார்த்தே எழுதப்படுகிறது. முதலாவதில் விடுபட்டவர் இரண்டாவதிலும் விடுபடுவார்.

மனிதர்களுக்கு முன் கட்டடங்களைத்தான் கேமரா விரும்பியது. 1856 முதல் 1860 வரை சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் மதுரையிலும் தஞ்சாவூரிலும் எடுத்த படங்களில் கோபுரமும் மண்டபமும் கூர்மையாக இருக்க, மனிதர்கள் அபூர்வம். அந்தக் காலத்து வெளிச்சப்பதிவுக்கு நேரம் அதிகம் பிடிக்கும். நடந்து போகிறவர் புகையாகிவிடுவார், இல்லை முற்றிலும் மறைந்துவிடுவார். அசையாமல் நிற்கச் சொல்லி நிறுத்தப்பட்டவரே பதிவாவார். பிற்காலத்துக் கல்லூரிக் கட்டடப் படங்களிலும் அந்த வழக்கத்தின் மிச்சம் தெரியும். மெரினாவில் ராபர்ட் சிஷோம் கட்டி 1879இல் முடித்த செனட் ஹவுஸ் மாதிரியான கட்டடங்களைப் படமெடுக்கும்போது தூணின் உயரம் விளங்க வேண்டுமென்று அடியில் ஒருவரை நிறுத்துவார்கள். அந்த ஆள் அங்கே அளவுகோல். தோட்டக்காரரா, காவல்காரரா, வழியோடு போனவரா என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கூட்டம் உண்டு: பெயர் இருந்து முகம் இல்லாதவர்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகளாக அறியப்படும் சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை இருவருமே யாழ்ப்பாணத்தார். அவர்கள் படித்த வட்டுக்கோட்டை செமினரி 1855இலேயே மூடப்பட்டுவிட்டது. தாமோதரம்பிள்ளை பிறகு ஏடு தேடிப் பதிப்பித்ததால் அவருடைய பிற்கால உருவப்படம் நமக்குப் பழக்கம். ஆனால் பல்கலைக்கழகம் வருஷாவருஷம் அச்சிட்ட காலண்டர் புத்தகங்களில் அவரைத் தொடர்ந்து வரும் பெயர்களுக்கு முகமே கிடையாது. பக்கம் பக்கமாகப் பெயர், படித்த கல்லூரி, வாங்கிய வகுப்பு. ஒரு தலைமுறையின் படிப்பு முழுவதும் சிறிய எழுத்தில் இரண்டு பத்தியாக அச்சாகிக் கிடக்கிறது.

முகமும் பெயரும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது படத்திலும் இல்லை, பட்டியலிலும் இல்லை. பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டிலும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் வரும் ‘அங்க அடையாளங்கள்’ என்ற கட்டம் அது. வலது கன்னத்தில் ஒரு மச்சம். இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு. நெற்றியில் வெட்டுக்காயத்தின் வடு. பையனைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தி, சட்டையைத் தூக்கச் சொல்லி, ஆசிரியர் பார்த்து எழுதிய வரி. போட்டோ எடுத்துக்கொள்ள வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அரசாங்கம் வைத்திருந்த ஒரே உருவப்படம் அதுதான். பழைய கண்ணாடி நெகட்டிவ்கள் அளவில் பெரியவை; அவற்றில் உள்ள நுணுக்கம் வியக்க வைக்கும். நல்ல பிரதியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மூன்றாம் வரிசைப் பையனின் கன்னத்து மச்சம் தெரியும். பதிவேட்டு வரியும் அந்த மச்சமும் ஒத்துப்போகும்போது, அட்டை கிழிந்து பெயர் போன ஒரு முகத்துக்கு அப்பா பெயரும் ஊரும் திரும்பக் கிடைக்கின்றன.

பதிவேட்டை அப்படியே நம்பிவிடவும் முடியாது. ஏராளமானவர்களின் பிறந்தநாள் மே, ஜூன் மாதங்களில் விழுந்திருப்பதன் ரகசியம் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்: சேர்க்க வந்த அன்றைக்கு வயது பொருந்த வேண்டுமே என்று தலைமையாசிரியர் போட்ட தேதி அது. படமும் சளைத்ததல்ல. ஒரே கோட்டு இரண்டு மூன்று பேர் மேல் வெவ்வேறு படங்களில் ஏறியிருக்கும். ஊரில் வேட்டியோடு திரிகிறவர் படத்துக்காக டை கட்டியிருப்பார். ஒன்று வயதில் பொய் சொல்கிறது, மற்றது உடையில். இரண்டும் ஒரே விஷயத்தில் ஒரே பொய்யைச் சொல்வது அபூர்வம் என்பதால்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிகிறது.

கிண்டிப் பொறியியல் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 1794இல் மைக்கேல் டாப்பிங் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகே எட்டு மாணவர்களோடு ஆரம்பித்த சர்வே பள்ளிதான் அதன் மூலம். போட்டோ என்ற ஒன்று உலகத்துக்கு அறிமுகமாக அப்போது இன்னும் 45 வருஷம் இருந்தது. கல்லூரி கிண்டிக்கு வந்தது 1920இல். அதற்குப் பிறகான படங்களில் செங்கல் கட்டடத்தின் முன்னால் வரிசை வரிசையாக ஆண்கள். 1940இல் அந்த வரிசை கலைகிறது. பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு நின்ற ஏ. லலிதா, மின் பொறியியல் படிக்கச் சேர்கிறார். அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். முதல்வர் கே. சி. சாக்கோவும் பொதுக்கல்வி இயக்குநரும் சம்மதித்தார்கள். விடுதியில் ஒரே ஒரு பெண் எப்படி இருப்பது என்ற கேள்வி வந்தபோது, மற்ற பெண்களும் சேரலாம் என்று கல்லூரி அறிவித்தது. சிவில் பிரிவில் பி. கே. த்ரேஸ்யாவும் லீலாம்மா ஜார்ஜும் வந்தார்கள். யுத்தகாலத்தில் படிப்பைச் சுருக்கியதால் மூவரும் ஒன்றாகவே வெளியே வந்தார்கள். லலிதா பக்ரா நங்கல் அணைக்கான மின்கடத்தல் வேலைவரை போனார். த்ரேஸ்யா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

இந்தக் கதையில் படத்தைவிட அதிகம் பேசும் காகிதம் ஒன்று உண்டு. பட்டச் சான்றிதழின் வாசகம் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. பட்டம் பெறுபவர் ஆண் என்று முடிவுகட்டி அச்சடித்த வாசகம். அந்த ஒரு சொல்லை மையால் அடித்துவிட்டுப் பெண்ணுக்குரிய சொல்லை எழுதிக் கொடுத்தார்கள். குரூப் போட்டோவில் புடவை கட்டிய ஒருவரைப் பார்க்கும்போது ‘அடடே, அப்போதே’ என்று நமக்குப் பெருமிதம் வருகிறது. அடித்துத் திருத்திய சான்றிதழைப் பார்க்கும்போது வேறொன்று விளங்குகிறது: அந்த இடம் அவருக்காகச் செய்யப்பட்டதல்ல. கல்லூரி வருகையை ஒப்புக்கொண்ட பிறகும் அச்சகம் பழைய படிவத்தையே வைத்திருந்தது. இத்தனைக்கும் சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே மேரி ஷார்லீபையும் மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஊரில் அங்கிருந்து கிண்டிக்கு அந்த வழக்கம் வந்துசேர 65 வருஷம் ஆயிற்று.

அதே நாற்பதுகளின் படங்களில் ஆண்களையும் உற்றுப் பார்க்கலாம். எல்லோரும் ஒரே மாதிரிக் கோட்டு, ஒரே மாதிரி வகிடு. இங்கே சாதி எங்கே என்று கேட்டால் படம் வாயைத் திறக்காது. பதில் வேறொரு கட்டில் இருக்கிறது. வகுப்புவாரி அரசாணைப்படி தொழிற்கல்லூரி இடங்கள் பதினான்கு பதினான்காகப் பங்கிடப்பட்டன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த ஆணையைச் செல்லாது என்றது. அதே வருஷம் ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இந்தப் பங்கீட்டைக் கையில் வைத்துக்கொண்டு 1940களின் கடைசியில் எடுத்த ஒரு படத்தைத் திரும்பப் பார்த்தால், வரிசையில் நிற்பவர்கள் வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குள் இருப்பவர்களில் யாரோ ஒருவர் தன் வம்சத்தில் முதன்முறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர். அந்த ஆணை இல்லாவிட்டால் அவர் இருந்த இடம் காலியாக இருந்திருக்காது. வேறொருவர் நின்றிருப்பார், நமக்கு வித்தியாசமும் தெரிந்திருக்காது. படம் காட்டும் சமத்துவம் தையல்காரர் தந்தது. அரசாணை காட்டுவது அதற்குப் பின்னால் நடந்த சண்டையை.

ஆகவே ஒரு படத்தைப் படிக்க அதைச் சுற்றிக் குறைந்தது நாலைந்து அழகில்லாத காகிதங்கள் வேண்டும்: சேர்க்கைப் பதிவேடு, சம்பளப் பட்டுவாடாப் பதிவேடு, மெஸ் கணக்கு, அபராத நோட்டு, துறைக் கடிதங்கள். இவற்றுக்கு நம் அலுவலகங்களில் என்ன கதி நேரும் என்பது ஃபைலின் தலையில் போடும் இரண்டு எழுத்தில் முடிவாகிறது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். விடுதியில் தட்டு உடைந்ததற்கான விசாரணை ஓ.மு.வில் போய்விடும். கட்டடம் கட்ட நிலம் எடுத்த ஃபைல் நி.மு.வில் தங்கிவிடும். நிலத்துக்கு நாளைக்கு வழக்கு வரலாம், தட்டுக்கு வராது. நிர்வாகத்தின் கணக்கு அவ்வளவுதான், அதில் தப்பும் இல்லை. ஆனால் பிள்ளைகள் அந்தக் கல்லூரிக்குள் எப்படி வாழ்ந்தார்கள், எதற்குக் கோபப்பட்டார்கள், யார் யாருடன் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யார் உட்கார மறுத்தார்கள் என்பதெல்லாம் தட்டு உடைந்த ஃபைலில்தான் இருந்தது. எழும்பூரில் 1909இல் கட்டிய ஆவணக் காப்பகத்தில், 1670இலிருந்து தொடங்கும் கட்டுகளுக்கு நடுவே கல்வித் துறையின் அரசாணைகள் ஒழுங்காக இருக்கின்றன. அங்கே வந்துசேர்ந்தது அரசாங்கம் கையெழுத்துப் போட்ட வாழ்க்கை. கையெழுத்துக்குத் தகுதி பெறாத வாழ்க்கை கல்லூரியிலேயே கழிந்துபோயிற்று.

போட்டோவின் நிலைமை இதைவிட விசித்திரம். அது ஃபைலே அல்ல. ஃபைல்களுக்குத் தரும் ந.க. எண் அதற்குக் கிடையாது. எண் இல்லாததால் யாரும் அதை அழிக்கச் சொல்லி உத்தரவு போட மாட்டார்கள். காப்பாற்றச் சொல்லியும் போட மாட்டார்கள். முதல்வர் அறைச் சுவரில் தொங்கும். வெள்ளையடிக்கும்போது இறங்கும். இறங்கியது மறுபடி ஏறுவது புது முதல்வரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஏறாவிட்டால் பீரோவின் மேல், அப்புறம் மாடிப்படிக்குக் கீழ். நம் ஊர்ப் புழுக்கத்தில் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு வரும். கறுப்பாக இருந்த இடங்களில் வெள்ளி மேலேறி நீலமாக மினுங்கும். அட்டையில் தடவிய பசைக்காக இராமபாணப் பூச்சி வரும். அது தின்பது முதலில் ஓரத்தை, அதாவது பெயர்கள் இருக்கும் பகுதியை.

இன்னொரு பகுதி கடல் கடந்து போயிருக்கிறது. வட்டுக்கோட்டைக்கும் மதுரைக்கும் ஆட்களை அனுப்பிய அமெரிக்க மிஷன் வாரியத்தின் கடிதங்களும் அறிக்கைகளும் படங்களும் ஹார்வர்டின் ஹவுட்டன் நூலகத்தில் இருக்கின்றன. பணம் கொடுத்தவர்களுக்குக் காட்டுவதற்காக எழுதியவை, எடுத்தவை என்பதால் அவை அங்கே போனது இயல்பு. விளைவு, பல மிஷன் கல்லூரிகளில் பதிவேடு இங்கே இருக்கும், படம் அங்கே இருக்கும். பெயர் ஒரு கண்டத்திலும் முகம் இன்னொரு கண்டத்திலுமாகக் கிடக்கும். இங்கிருப்பவை பிழைத்ததற்குக் காரணமோ பெரும்பாலும் தனிமனிதர்கள். விளம்பரப் பலகை எழுதிய கோட்டையூர் ரோஜா முத்தையா, புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகையும் நாடக நோட்டீசும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக்கியது. நோட்டீசுக்கு ஓ.மு. போடாத ஒரு மனிதர் ஊரில் இருந்தார் என்பதுதான் அந்த நூலகத்தின் முதல் தகுதி.

இப்போது படத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு கல்லூரி ஆண்டு விழாவில் எடுக்கப்படும் படங்கள், பழைய கல்லூரி ஒன்றின் நூறு வருஷத்துப் படங்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் அடியில் அட்டை இல்லை. போன் எடுக்கும் படத்தின் கோப்புக்குள்ளேயே தேதியும் இடமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது அந்த விவரம் கழன்றுவிடுகிறது. குமாஸ்தா பியூனை மட்டும் விட்டார். நாம் முதல்வர் உட்பட எல்லோரையும் விட்டுவிடுகிறோம். இது ஒரு வகையில் சமத்துவம்தான், யாருக்கும் பயன்படாத சமத்துவம்.

இதற்கு வைத்தியம் பெரிய திட்டம் எதிலும் இல்லை. வெள்ளி விழா, பொன்விழா என்று பழைய மாணவர்கள் கூடும் நாளில், சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் ஒரு மேசை போட்டுப் படங்களைப் பரப்ப வேண்டும். ஒரு மென்மையான பென்சிலும் ஒரு நோட்டும் போதும். பால்பாயிண்ட் பேனா கூடாது. பின்னால் எழுதும் அழுத்தம் முன்னால் முகத்தில் புடைக்கும். தங்கள் வகுப்புப் பையன்களை அவர்கள் நொடியில் சொல்லிவிடுவார்கள். ஓரத்தில் நிற்பவரைக் காட்டிக் கேட்டால் முகம் மலரும். ‘இவரா, நம்ம நாயர்!’ என்பார்கள், இல்லை ‘மெஸ் ஐயர்’ என்பார்கள். பெயர் என்று நினைவில் நின்றது சாதி. அங்கே நிறுத்திவிடக் கூடாது. எந்த வருஷம், எந்த விடுதி என்று குறித்துக்கொண்டு சம்பளப் பட்டுவாடாப் பதிவேட்டுக்குப் போனால், அந்த மாதத்துப் பக்கத்தில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் ஒரு கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும். எதிரில் முழுப் பெயர். ஞாபகம் முகத்தை அடையாளம் காட்டும், பதிவேடு பெயரைக் கொடுக்கும், படம் இரண்டையும் ஒரே ஆள் மேல் பொருத்தும். மூன்றில் எது இல்லாவிட்டாலும் வேலை பாதியில் நின்றுவிடும்.

இந்த மூன்றில் காகிதம் இன்னும் கொஞ்சம் தாங்கும். பூச்சி மருந்தும் ஒரு நல்ல பீரோவும் இருந்தால் பதிவேடு அடுத்த தலைமுறைவரை வரும். படத்தை இன்றைக்கே ஸ்கேன் செய்தும் வைக்கலாம். ஞாபகத்துக்குத்தான் அப்படி ஒரு வழியும் கிடையாது. 1970இல் பெஞ்சின் மேல் ஏறி நின்ற பையனுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஸ்கேனரும் சர்வரும் இந்த வருஷம் வாங்க முடியவில்லை என்றால் அடுத்த வருஷ பட்ஜெட்டில் கேட்டுக்கொள்ளலாம். அவரைக் கேட்பதற்கு அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட நமக்கு உரிமையில்லை.